சிவசுப்பிரமணியத்தாரின் பிரதட்டை

உதயகலாவுக்குக் காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் பாடுபட்டு இளக்கிய இடுப்பை, அவளிடம் வைத்தியத்துக்கு வருகிற கிழவர் பிரதட்டை என்று கோயில் வீதி மணலில் உருட்டப் போகிறாராம்!

லண்டனில் ஒஸ்டியோபதி படித்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவள் அவள். எண்ணெயும் இல்லை, பத்துப்போடுதலும் இல்லை. இறுகிப்போன முதுகையும் மூட்டுகளையும் கையாலேயே தொட்டறிந்து, மெல்ல மெல்ல அசைத்து இளக்குகிற வைத்தியம். தெல்லிப்பழைச் சிவசுப்பிரமணியம் முதல்நாள் வந்தபோது, "எண்ணெய் பூசாமல் இதென்ன வைத்தியம்?" என்று முகத்தைச் சுளித்தார். வயது எழுபத்துநாலு, வெங்காயத் தோட்டம் செய்த உடம்பு. போகப்போக வலி குறைந்தது. தடியோடு வீட்டு வளவைச் சுற்றி நடக்கவும் தொடங்கினார். ஆனால் கீழே இருந்தால் தானாக எழும்பமாட்டார்.

"ஒருக்களியுங்கோ ஐயா, கையை ஊண்டுங்கோ, ஒரு காலை முன்னுக்கு வைச்சு எழும்புங்கோ" என்று நூறு தரமாவது சொல்லியிருப்பாள். அவளுக்கு முன்னால் நன்றாகத் தலையாட்டுவார். வீட்டிலோ மனைவி சிவக்கொழுந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கித் தூக்கி அந்த மனுசியின் நாரியும், அதுதான் கீழ்முதுகு, விட்டுப்போயிற்று. "அம்மாவும் விழுந்தா ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்திலைதான் விடுவன்" என்று கனடாவிலிருந்து மகன் பிரகாஸ் சொல்லிவிட்டான். அதைக் கேட்டும் மனுசன் அசையவில்லையே!

இப்போது இந்த நேர்த்திக்கடன் வேறு.

"ஆர் வைச்சது?"

"நான்தான் பிள்ளை," என்றார் சிவக்கொழுந்து. "இவர் நடந்தால் தேரண்டைக்குப் பிரதட்டை செய்விக்கிறன் எண்டு அம்மாளாச்சியிட்டைச் சொல்லிப்போட்டன்."

"நடக்க வைச்சது நானம்மா!"

"ஓம், உம்மை அனுப்பினது அவதானே."

உதயகலாவுக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். சரி என்றார்கள். மனம் கேளாமல் தேரன்று அவளும் போனாள்.

ஈர வேட்டியோடு கிழவர் உருண்டார். வடக்கு வீதி வந்ததும் உருளுவதை நிறுத்திவிட்டார். மல்லாக்கக் கிடந்து வானத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். நாலைந்து பேர் கையைப் பிடித்து இழுக்க ஓடிவந்தார்கள்.

"ஐயோ, இழுக்காதேங்கோ! இடுப்புப் போயிடும்!" என்று கத்தினாள் உதயகலா.

அதற்குள் சிவக்கொழுந்து பழக்கதோசத்தில் கக்கத்தில் கைகொடுக்கக் குனிந்துவிட்டார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. "அம்மா!" என்று நாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கிழவர் கீழே கிடந்தபடி அதைப் பார்த்தார். இத்தனை நாளும் பின்னால் நின்று தூக்கியவளின் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

"விடு. நீ தூக்காதை," என்றார்.

ஒருக்களித்தார். கையை ஊன்றினார். காலை முன்னுக்கு வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி நின்றார். நின்றதும் மனைவியின் தோளைப் பிடித்து அவரை நிமிர்த்திவிட்டார்.

"பாத்தீரே பிள்ளை, அம்மாளாச்சி எழுப்பிவிட்டுட்டா!" என்று அழுதார் சிவக்கொழுந்து.

உதயகலாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஐயா, வியாழக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவின்ரை நாரியை நான் பாக்கவேணும்," என்றாள். "அதுக்கும் நேர்த்தி ஒண்டும் வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"