சண்டைக்கு ஒரு விரற்கடை

எங்கள் குளத்துப் பாதையில் ஒரு சண்டை நடந்தால், பாதை ஒரு விரற்கடை குறுகிவிடும். போடும்போது பன்னிரண்டு அடி அகலம். போன தீபாவளிக்கு ஒன்பது அடி இருந்தது. தை பிறந்தபோது ஐந்தே முக்கால். திங்கட்கிழமை தோறும் ஓவர்சியர் சடையப்பன் இரும்பு டேப்புடன் வந்து அளப்பார், நோட்டில் எழுதுவார், பெருமூச்சு விடுவார்.

"மறுபடியும் ஏழு விரற்கடை போயிருச்சுங்க. நீங்கள்லாம் படிச்சவங்கதானுங்களே?" என்பார்.

சண்டை சைக்கிள்காரர்களுக்கும் நாய் கூட்டி வருபவர்களுக்கும். நான் சைக்கிள்காரன். சர்க்கரை ஏறியதும் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார், வாங்கிவிட்டேன். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிதித்துப் பார்த்தால் அல்லவா தெரியும்.

குளத்தின் நடுத்திட்டில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அதனால் பாதையில் எல்லோரும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். நாய்கள் வலம், சைக்கிள்கள் வலம். சைக்கிள்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஆளுக்கு ஆள் முகம் பார்த்து ஒதுங்கலாம் என்று நகராட்சி ஒருமுறை பலகை வைத்தது. சாவு வீட்டில்தான் அப்படிச் சுற்றுவார்கள். ஒருத்தரும் சுற்றவில்லை. பலகையை நட வந்த சடையப்பனே, நட்டு முடித்ததும் வலமாக நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

ஆகையால் எப்போதும் நாய்க்குப் பின்னாலிருந்துதான் நான் வர முடியும். மணி அடித்தால் நாய் இந்தப் பக்கம் பாயும், ஆள் அந்தப் பக்கம் ஒதுங்குவார், நடுவில் கயிறு துணி காயப்போடலாம் போல விறைத்து நிற்கும். "எதுக்கு இப்படி அடிக்கறீங்க? வாயில்லா ஜீவன் பயப்படுதுல்ல?" என்று ஒரு சண்டை. சரி என்று அடிக்காமல் போனால், "மணி எதுக்கு வெச்சிருக்கீங்க, அழகுக்கா?" என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவாக ஒருநாள் லேசாக இருமிப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் இரண்டு விரற்கடை போயிற்று.

என் மனைவி வசுமதி நாய்ப் பக்கம். எங்கள் நாயின் பெயர் மேனேஜர். குட்டியாகத் தானே வாசலுக்கு வந்தது. என் கம்பெனி மேனேஜரைப் போலவே சாப்பிடுவது, குரைப்பது இரண்டையும் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை என்பதால் அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். காலை ஐந்தரைக்கு அவள் மேனேஜருடன் கிளம்புவாள். ஐந்து நிமிடம் கழித்து நான். பாதையில் ஏறிவிட்டால் சொந்தபந்தம் பார்ப்பதில்லை என்பது அங்கே வழக்கம். அண்ணன் தம்பிகூட அங்கே "யோவ்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நான் சைக்கிள் வாங்கிய புதிதில், கார்த்திகையில் ஒருநாள் என் முன்சக்கரம் மேனேஜரின் கயிற்றில் மாட்டியது.

"ஏனுங்க சைக்கிள்காரரே, கண்ணு எங்க இருக்குது?" என்றாள் வசுமதி.

"கயித்தச் சுருக்கிப் பிடிங்கம்மா. பாதை என்ன உங்க மாமனார் சொத்தா?" என்றேன். அவளுடைய மாமனார் என் அப்பா. பாதையில் அதெல்லாம் கணக்கில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல இட்லி சாப்பிட்டோம். சட்னிக் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினேன், எட்டவில்லை. எழுந்து நடந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தேன். ஹால் பெரிதாகியிருந்தது.

சடையப்பனிடம் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாதையில் குறைவது எங்கும் தொலைந்து போவதில்லையாம். சண்டை போட்ட இரண்டு பேர் வீட்டுக்கும் பாதிப் பாதியாகப் போய்ச் சேர்ந்துவிடுமாம். விரற்கடை என்றால் முக்கால் அங்குலம், அற்பமாகத் தெரியும். ஆனால் பாதையின் சுற்றளவு இரண்டு கிலோமீட்டர். பெருக்கினால் நானூறு சதுர அடி வருகிறது. ஆளுக்கு ஒரு அறை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடு. அதனால முழுசும் உங்களுக்கேங்க. யோகந்தான் போங்க" என்றார்.

இது ஊருக்குத் தெரிந்ததும் பாதை இன்னும் வேகமாகக் குறுகியது. தேவசகாயம் என்று ஒருவர், நல்ல மனிதர், ஓய்வு பெற்ற தபால்காரர், அதிர்ந்து பேசமாட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வரிசையாக நான்கு சண்டை போட்டார். மாப்பிள்ளை வந்தால் தங்க இரண்டு அறை, ஒரு குளியலறை, மீதியில் பூந்தொட்டி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எதிராளிக்குக் கைகொடுத்து "உங்களுக்கும் தேவைப்பட்டா சொல்லுங்க" என்பார்.

எங்களுக்கு இடம் தேவைப்படவே இல்லை. இருப்பது இரண்டு பேரும் ஒரு மேனேஜரும். ஆனால் எங்கள் சண்டைகள்தான் நிற்கவில்லை. பங்குனி முதல் வாரத்துக்குள் மொத்தம் அறுபத்து மூன்று. ஹாலின் இந்தக் கோடியில் நான் உட்கார்ந்தால் அந்தக் கோடியில் இருக்கும் வசுமதி பொட்டு மாதிரித் தெரிந்தாள். அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கடைசி "ங்க" மட்டும் என் காதில் விழும். என்ன கேட்டாள் என்று தெரிந்துகொள்ளப் போய்ச் சேர்வதற்குள், கேட்டதை அவள் மறந்திருப்பாள். காபியை அவள் கொண்டுவந்து கொடுப்பதற்குள் ஆறிவிடும். பிறகு அவள் கொண்டுவருவதை விட்டாள். நான் கேட்பதை விட்டேன்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில், சொல்வதற்கு என்ன, அவளை மனசு தேடியது. ஒரே வீட்டில் இருக்கும் பெண்டாட்டியைத் தேடுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

சடையப்பனிடம்தான் சொன்னேன்.

"ராசியாப் போயிட்டா போன இடம் திரும்பிரும்ங்க" என்றார்.

"அவகிட்ட எங்க ராசியாகறது? பாதையில எங்களுக்குள்ள பழக்கமே இல்லை."

"வீட்ல ஆகுங்க."

"வீட்ல நாங்க சண்டையே போட்டதில்லையே. சண்டை போடாதவங்க எப்படிங்க ராசியாகறது?"

அவர் டேப்பைச் சுருட்டியபடியே யோசித்தார். "அது சிக்கல்தான்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

பங்குனி இரண்டாவது வாரம் பாதை ஒரு அடிக்கு வந்துவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போகக்கூட முடியவில்லை. மெலிந்த நாய்கள் மட்டும் ஒற்றையாகப் போய் வந்தன. அந்தத் திங்கட்கிழமை சடையப்பன் குளத்துக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலை அளந்தார். அளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"பொதுப்பாதைங்க இது. மத்த வீடுகள்ல துண்டு துண்டா இருக்குது, ஒண்ணுக்கும் ஆகாது. ஒரே இடமா இருக்கறது உங்க வீட்லதான். நாளையிலேர்ந்து காலையில அஞ்சரை முதல் எட்டு வரைக்கும் ஜனங்க இங்க வருவாங்க. ஃபேன் மட்டும் போட்டு வெச்சிருங்க" என்றார்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். சைக்கிள்காரர்கள் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டார்கள், அந்த மரியாதைக்குக் குறைவில்லை. இரண்டாம் நாள் தேவசகாயம் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் சோபாவை ஓரமாகத் தள்ளிப் போடச் சொன்னார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்கள். இங்கே இடத்தை நான் கொடுக்கக்கூட இல்லை.

எல்லோரும் பழக்க தோஷத்தில் டீப்பாயை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வசுமதியும் மேனேஜருடன் அவர்களில் ஒருத்தியாகச் சுற்றினாள். நான் பின்னால் வந்து மணி அடிப்பதும், கயிறு விறைப்பதும், அவள் "கண்ணு எங்க?" என்று கேட்பதும் அப்படியே நடந்தன.

நான்காம் நாள் காலை சைக்கிளில் ஏறப் போனபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஹாலின் நடுவில் பிள்ளையார் இல்லை. டீப்பாய்தான் இருக்கிறது. டீப்பாயை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் பாவம் கிடையாது.

சைக்கிளைத் திருப்பி எதிர்ப்பக்கமாக மிதித்தேன்.

பாதிச் சுற்றில் வசுமதி எதிரே வந்தாள். மேனேஜர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பாயாமல், வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலோரமாக ஒதுங்கியது. நான் மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கினேன். அவள் மூக்கில் புதுக் கண்ணாடி இருந்தது. கறுப்புச் சட்டம். முகத்துக்கு நன்றாக இருந்தது.

"இது எப்ப வாங்கின?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாச்சுங்க. கடைக்குக் கூட வரச் சொல்லிக் கூப்பிட்டனே, கேக்கலீங்களா?"

"ங்க மட்டும் கேட்டுது."

அவள் சிரித்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சுப் போயிட்டீங்க. சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுக்கணும்."

"நாளைக்கும் இந்தப் பக்கமாவே வாங்க. மேனேஜருக்கும் பயமில்ல, எனக்கும் பேச்சுத் துணையாச்சு."

எங்களுக்குப் பின்னால் சுவர் நகர்ந்த சத்தம் கேட்டது. ஹால் ஒரு பக்கம் நானூறு சதுர அடி உள்ளே வந்திருந்தது. அன்று காபி சூடாக இருந்தது. இன்னும் அறுபத்திரண்டு தடவை நேருக்கு நேர் வந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டேன். தினம் நான்கைந்து தடவை வந்தால் சித்திரைக்குள் சட்னிக் கிண்ணம் கைக்கு எட்டிவிடும்.

மறுநாள் ஐந்தேகாலுக்கே எழுந்து சைக்கிளைத் துடைத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். சட்டைகூட இஸ்திரி போட்டது. ஹாலில் கற்பூர வாசனை வந்தது. டீப்பாய் ஓரமாகக் கிடந்தது. அது இருந்த இடத்தில், சிமெண்ட் இன்னும் காயாத மேடையில், அருகம்புல் மாலையுடன் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். நடுவில் சாமி இல்லாமல் சுற்றுவது சரியாக இல்லை என்று எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். சடையப்பன் தேங்காயை உடைத்து, ஒரு மூடியை என் கையில் கொடுத்தார்.

நான் நெற்றியில் குட்டிக்கொண்டேன். சைக்கிளை வலப்பக்கமாகத் திருப்பி ஏறினேன். வசுமதி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் நுனி மட்டும் காதோரம் தெரிந்தது. மணி அடித்தேன்.