குதிரை வளைவில் இறங்காதவர்கள்

கல்மட்டம் எஸ்டேட் பஸ்ஸுக்கு என்ன வயது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டிரைவர் சகாயம் மட்டும், "எனக்கு முந்தி ரெண்டு டிரைவரை வீட்டுக்கு அனுப்பின வண்டி" என்பார். காலையில் ஒரு தடவை குன்னூருக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். எஸ்டேட் ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் டிக்கெட் கிடையாது. கம்பெனி வண்டி, கம்பெனி டீசல்.

அந்த வண்டிக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. திரும்பி வரும்போது கற்பூரமரத்தடியில் சகாயம் ஒரு நிமிஷம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், நடக்கத் தெம்புள்ள அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். அதற்கு மேலே மூன்று வளைவுகள். மூன்றாவதுக்குக் குதிரை வளைவு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குதிரை அங்கே ஏற மாட்டேன் என்று படுத்துக்கொண்டதாம். இறங்கியவர்கள் தேயிலைக்குள் குறுக்குவழியாக ஏறிப்போய் மாரியம்மன் கோயிலடியில் நிற்பார்கள். கிழவிகளையும் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் சுமந்துகொண்டு வண்டி முனகி முனகி வந்து சேரும். மறுபடி எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். அங்கிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு இன்னும் இரண்டு மைல். "வண்டி கொஞ்சம் மூச்சு உடட்டுமுங்க" என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். இருபது வருஷமாக இதை யாரும் எழுதி வைத்ததும் இல்லை, மீறியதும் இல்லை.

அப்படி இருக்கையில்தான் புதிய பெரிய துரை வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் முப்பத்துச் சொச்சம் வருஷமாகியும் மேனேஜருக்கு அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. வந்த மாதமே ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். சாயங்கால பஸ் காலியாக ஓடுகிறது. மூன்று புதன்கிழமைகளில் தலை எண்ணப்படும். ஒரு நாளாவது முப்பது தலை தேறாவிட்டால் அந்த பஸ் நிறுத்தப்படும்.

படித்துச் சொன்னது மருதாம்பாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். கேட்டுக்கொண்டு நின்றது அவள் அம்மா தங்கமணி. காலை பஸ் இருந்தால் போதுமே என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குக் கல்மட்டம் தெரியாது என்று அர்த்தம். சாயங்கால பஸ் இல்லையென்றால் பிள்ளைகள் மெயின் ரோட்டிலிருந்து ஆறு மைல் சோலைக்குள் நடந்து வர வேண்டும். காட்டெருமை நிற்கிற சோலை. எந்தத் தாய் அனுப்புவாள்? தங்கமணியின் அம்மா அனுப்பவில்லை. அப்போது பஸ்ஸே கிடையாது. ஏழாம் வகுப்போடு நிறுத்திக் கையில் கூடையைக் கொடுத்தார்கள். அந்தக் கூடை இருபத்தைந்து வருஷமாகத் தங்கமணியின் முதுகில்தான் இருக்கிறது.

முதல் புதன்கிழமை ஒன்பது தலை என்று நோட்டீஸ் வந்தது. லைனில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து, புதன்கிழமைதோறும் வேலை இருக்கிறதோ இல்லையோ குன்னூர் போய் வர வேண்டும் என்று முடிவாயிற்று. முறை என்று வந்துவிட்டால் கல்மட்டத்து ஜனத்துக்கு ஒரு வேகம் வரும். இரண்டாம் புதன் நாற்பத்தாறு பேர் போனார்கள். காளிமுத்து மீசையை ஒதுக்கிக்கொள்வதற்காக மட்டும் போனான். ஆயம்மாள் பாத்திரக் கடைக்குள் போய் ஒரு மணி நேரம் குடம் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள். சாயங்காலம் பஸ் பிதுங்கியது.

வெள்ளிக்கிழமை நோட்டீஸில் ஏழு என்று இருந்தது.

ஏழு! போன தடவையைவிட இரண்டு குறைவு. ஹெட் கிளார்க் பாலசுப்பிரமணியம் பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று லைனே கொதித்தது. ஆபீஸ் வாசலில் போய் உட்காரலாம் என்றான் காளிமுத்து. தங்கமணியின் புருஷன் நல்லசாமி தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்து வேலைக்காரன், சண்டைக்கு ஆகாத மனுஷன். அவன் சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டு ஒரு புதுக் கூடையோடு வந்தான்.

"பஸ்ஸு நின்னா புள்ள பேரை செக்ரோல்ல, கூலிக் கணக்குல ஏத்திக்கிறேன்னுட்டாரு. கூடைகூட இப்பவே குடுத்துட்டாரு" என்றான், பெரிய உதவி செய்து வந்தவன் மாதிரி.

மருதாம்பாள் கூடையின் பட்டையை எடுத்து நெற்றியில் மாட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது நெம்பக் கனக்குமா?" என்று கேட்டாள்.

அவள் அழுதிருந்தால் தங்கமணி தாங்கியிருப்பாள். இப்படிச் சாதாரணமாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. கூடையைப் பிடுங்கி மூலையில் வீசினாள்.

அந்த ஆத்திரத்தோடு மறுநாள் கொழுந்தெடுக்கப் போனவள் சரிவில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. திங்கட்கிழமை குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள். கற்பூரமரத்தடியில் எல்லாரும் இறங்கினார்கள். மருதாம்பாளும் இறங்கினாள். தங்கமணியும் எழுந்தாள். கால் ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வளைவுகளை வண்டிக்குள் இருந்து பார்த்தாள்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் ஃபாக்டரி கேட். சகாயம் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தபால் பையை நீட்டினார். கேட்டில் நின்ற ஹெட் கிளார்க் பையை வாங்கிக்கொண்டு, எம்பி வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"அவரு எதுக்கு எட்டிப் பாக்கறாரு?" என்று தங்கமணி பக்கத்திலிருந்த கிழவி அங்கம்மாவைக் கேட்டாள்.

"தபாலுக்கு வர்றவரு, சும்மா பாப்பாரு. புதங்கெழம மட்டும் வெரலை மடக்கிக்கிட்டுப் பாப்பாரு" என்றாள் அங்கம்மா.

தங்கமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பி வண்டிக்குள் பார்த்தாள். கிழவிகள் நாலு பேர், இருமல்காரர் ஒருவர், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, நொண்டிக்கால் தங்கமணி. ஏழு. கிளார்க் பொய் சொல்லவில்லை. நாற்பது பேர் தேயிலைக்குள் நடக்கும் நேரம் பார்த்து அந்த மனுஷன் நேர்மையாக எண்ணியிருக்கிறார். பஸ்ஸைக் காப்பாற்றப் போன ஜனம், பஸ்ஸுக்குக் கஷ்டம் தரக்கூடாது என்று இறங்கி நடந்தே அதை ஒழித்துக்கொண்டிருந்தது. தங்கமணிக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். பாலசுப்பிரமணியம் கோயமுத்தூர்க்காரர். நல்ல ஆகிருதி. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"ஏனுங்க, நாங்க கற்பூரமரத்துல எறங்கிக் கோயில்ல ஏறிக்கறமுங்க. நீங்க நடுவால நின்னு எண்றீங்க. கோயிலடிக்கு வந்து எண்ணுங்களேன்" என்றாள்.

"கேட்டுல எண்ணோணும்னு துரை எழுதிக் குடுத்திருக்காருங்கம்மா. தேயிலைக்குள்ள நடக்கற தலைய நான் பஸ்ஸுக் கணக்குல எப்பிடி எழுதறது?" என்றார். அவள் நின்ற நிலையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒண்ணு செய்யறேன். நாளைக்கு நானே கேட்டுல ஏறி எண்ணிப்போட்டு, கோயில் வரைக்கும் வர்றேன். கேட்டுல இருந்த தலை கோயில்லயும் இருக்கோணும். நடுவுல யாரு எறங்குனாலும் தலை கழிஞ்சுது. ஒருத்தர் எறங்குனாலும் கோயில் வரைக்கும் பஸ்ஸு போகலீன்னுதான் எழுதுவேன்."

அன்று லைனில் தங்கமணி விஷயத்தைச் சொன்னபோது காளிமுத்து முரண்டு பிடித்தான்.

"கெழவிங்களோட உக்காந்து வளைவு ஏறுறதாக்கா? என்னைய ஊரு என்ன சொல்லும்?"

கற்பூரமரத்துக்கு மேல் வண்டியில் உட்கார்ந்திருந்தால் நோயாளி அல்லது சோம்பேறி என்று பெயர். அந்த அவமானம் லேசுப்பட்டதல்ல.

"ஏண்டா, மீசை ஒதுக்கக் குன்னூர் வரைக்கும் போனவனுக்கு இதுல என்ன கௌரவம் கொறஞ்சுபோச்சு?" என்றாள் தங்கமணி. "நாலு வருஷமா என்ற புள்ள உன்ற கடுதாசியெல்லாம் படிச்சுச் சொன்னாளே, அவளுக்காகக் கால்மணி நேரம் குண்டிய ஊன்ற மாட்டியா?"

கூட்டம் சிரித்தது. காளிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினான். ஆனால் சகாயம் சிரிக்கவில்லை. முழு லோடோடு அந்த வளைவில் அவர் ஏற்றியதே இல்லை.

புதன்கிழமை அவர் ஸ்டெப்னியையும் டூல் பெட்டியையும் ஷெட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தார். குன்னூரில் ஏறிய அறுபத்தொரு பேரில், பள்ளிப் பிள்ளைகளின் பைக்கட்டைத் தவிர, ஒருவர் கையிலும் பை இல்லை. அரிசி வாங்க வேண்டியவர்கள்கூட வாங்கவில்லை. ஆயம்மாள் மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அவள் அதைவிடப் பெரிய தியாகம் எதுவும் வாழ்க்கையில் செய்ததில்லை.

கற்பூரமரத்தடியில் சகாயம் பழக்கத்தில் நிறுத்தினார். பாதிப்பேர் பழக்கத்தில் எழுந்தார்கள். தங்கமணி படிக்கட்டு வாசலில் கட்டுப்போட்ட காலோடு இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"உக்காருங்க எல்லாரும்! இன்னைக்கு ஒருத்தரும் எறங்கப்படாது!"

முதல் வளைவு போயிற்று. இரண்டாவது போயிற்று. கேட்டில் கிளார்க் ஏறினார். பின்சீட்டு வரைக்கும் இடித்துப் பிடித்துப் போய் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். "அறுபத்தொண்ணு" என்று நோட்டில் எழுதினார். "கோயில் வரைக்கும்" என்று விரலை ஆட்டினார்.

சகாயம் கியர் போட்டார். வண்டி இரண்டடி ஏறி, நின்று, ஒரு அடி பின்னால் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை இஞ்சினிலிருந்து கருகிய வாடை வந்தது.

"மாதாவே! கொஞ்சம் பாரம் குறைஞ்சாப் போதும்மா" என்று சகாயம் கிட்டத்தட்ட அழுதார். "யாராவது ஒருத்தர் எறங்குங்களேன்!"

நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள். பாரம் குறைக்க இறங்குவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. தங்கமணி அசையவில்லை. பின்சீட்டில் மருதாம்பாள் பைக்கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலை, ஒரே ஒரு தலை இறங்கினால்கூட எல்லாம் போயிற்று. அப்போதுதான் தங்கமணிக்கு அது உறைத்தது. டிரைவரை விட்டாலும் வண்டியில் இருந்தது அறுபத்தொன்று அல்ல, அறுபத்திரண்டு. கணக்கில் சேராத தலை ஒன்று உள்ளே இருந்தது, நல்ல கனமான தலை.

"ஏனுங்க கிளார்க்கய்யா" என்றாள், ரொம்ப மரியாதையாக. "நாங்க எறங்குனா தலை கழிஞ்சுரும். நீங்க எறங்குனா ஒண்ணும் கழியாதுங்களே?"

பஸ்ஸே திரும்பி அவரைப் பார்த்தது. பாலசுப்பிரமணியம் நோட்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். அவர் போட்ட சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. நேர்மையான மனுஷன் என்பதால் வேறு வழியில்லை.

"குறுக்குவழி எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

சகாயம் சிலுவை போட்டுக்கொண்டு கிளட்சை விட்டார். வண்டி உறுமியது, நடுங்கியது, நகர்ந்தது. குதிரை வளைவில் நடக்கிற வேகம்கூட இல்லை. உள்ளே யாரும் மூச்சுவிடவில்லை. எடை குறையட்டும் என்று எல்லாரும் சீட்டிலிருந்து அரையடி எழும்பிக்கொண்டார்கள். காளிமுத்து மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கவே செய்தான். அதனால் ஒரு பயனும் இல்லை என்று யாருக்குத் தோன்றும் அந்த நேரத்தில்? குதிரை படுத்த இடத்தை முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரமும் தாண்டியது. ஆயம்மாள் குலவை போட்டாள். அறுபத்தொரு தொண்டையும் சேர்ந்துகொண்டது. கோயில் மணியை யாரோ அடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை.

வழக்கப்படி வண்டி கோயிலடியில் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தேயிலைக்குள்ளிருந்து ஹெட் கிளார்க் வெளிப்பட்டார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, காலுறைக்குள் மூன்று அட்டைகள். ஏறியதும் நாலு பேர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கம்மா கிழவி மூக்குப்பொடியைத் தேய்த்து அட்டைகளை எடுத்துவிட்டாள். அவர் நின்றபடி மறுபடியும் எண்ணினார்.

"அறுபத்தொண்ணு" என்றார். பிறகு தங்கமணியைப் பார்த்தார். "தெனமும் இந்த மேட்டுலயா ஏறுறீங்க?"

"இருவது வருஷமாங்க."

"எதுக்குங்க?"

"வண்டி பாவமுங்க" என்றாள் தங்கமணி.

பாலசுப்பிரமணியம் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்து, யாரும் கேட்காமலே இன்னொரு வரி சேர்த்து எழுதினார்: இனித் தலையைக் கோயிலடியில்தான் எண்ண வேண்டும், வளைவில் ஜனம் இறங்கி நடக்கிற வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை வந்த நோட்டீஸில் பஸ் தொடரும் என்று பெரிய துரை கையெழுத்துப் போட்டிருந்தார். வியாழக்கிழமையே ஜனம் பழையபடி கற்பூரமரத்தடியில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தது. காளிமுத்துதான் முதல் ஆளாக இறங்கினான்.

அது பிற்பாடு. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தங்கமணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நொண்டி நொண்டி நுழைந்தாள். மூலையில் புதுக் கூடை கிடந்தது. நல்லசாமி அதையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். தங்கமணி கூடையை எடுத்துக் கொல்லைக்குப் போனாள். குஞ்சு பொரித்த கோழி ஒன்று அங்கே குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்படியே கூடையைக் கவிழ்த்து மூடினாள்.

"கோழிக்குச் சரியா இருக்குது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "மருதா, வெளக்கப் பத்தவெச்சுப் படி கண்ணு."