தனி வலி

2019 ஏப்ரல் 9 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வின்ட்ஸர் நகரில், முதுகு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கான காத்திருப்புப் பட்டியலில் யிவெட் ட்ரூயாரின் பெயர் சேர்க்கப்பட்டது.

பதினெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இப்போது பத்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சூடு வைத்ததுபோல் இழுத்தது. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது வராவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி எழுதியிருந்தது. குடும்ப மருத்துவரின் அறைச் சுவரில் 'ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். முதுகைச் சொல்லிவிட்டுக் காலைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கால் தனிங்க. அதுக்கு இன்னொரு நாள் வாங்க" என்றார். எங்கள் ஊரில் வைத்தியம் இலவசம் என்று ஆற்றுக்கு அக்கரையில், அமெரிக்காவில் இருந்த டெட்ராய்ட்காரர்களிடம் எத்தனை வருடம் பீற்றிக்கொண்டிருப்பாள். நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த அக்கரையில்தான் தங்கை கொலெட் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவனின் கார் ஆலைக் காப்பீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் முதுகில் அறுவை செய்துகொண்டவள். உள்ளே இருந்த நான்கு திருகாணிகளின் படத்தைப் பேரக் குழந்தையின் படம்போல் போனில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டுவாள். "பூரணமா சரியாயிடுச்சுக்கா. நீ அங்க வரிசையில நின்னே கிழவியாயிடுவே." ஜூலையில் அவளே காருடன் வந்தாள். யிவெட் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி பாலத்தைக் கடந்தாள்.

அந்த மருத்துவமனையில் சுவரோடு சுவராகச் செயற்கை அருவி ஒன்று வழிந்துகொண்டிருந்தது. குடிக்கும் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு மிதந்தது. அரை மணியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் இருபது நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். வாக்கியத்துக்கு ஒரு முறை அவள் பெயரைச் சொன்னார்.

"முதுகைத் தொட்டுப் பாக்க மாட்டீங்களா டாக்டர்?"

"படத்துலயே எல்லாம் இருக்கு, யிவெட். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு ஒரு இடம் காலியா இருக்கு."

முன்மேசைப் பெண் படிவத்தை நீட்டினாள். அறுபத்திரண்டாயிரம் டாலர், அதுவும் அமெரிக்க டாலர். வீட்டை அடமானம் வைத்தால் கிடைக்கும். யிவெட் பேனாவைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் கொலெட்டின் கைப்பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சிதறியது. கொலெட் விறைப்பாக நின்று அதைப் பார்த்தாள்.

"எடேண்டி."

"நீயே எடுத்துடேன்க்கா."

"உனக்குத்தானே சரியாயிடுச்சு?"

கொலெட் குனியவே இல்லை. யிவெட் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பிடித்து முழங்காலில் இறங்கினாள். உதட்டுச் சாயம், சாவி, ஒரு மாத்திரைப் புட்டி. புட்டியில் வலி மருந்தின் பெயரும் கொலெட்டின் பெயரும் இருந்தன. போன வெள்ளிக்கிழமை வாங்கியது.

"இது என்னடி?"

"அது வேற வலிக்கா. ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்தது இல்ல."

"அப்புறம் என்ன எழவுக்கு என்னை இங்க இழுத்துட்டு வந்தே?"

"எனக்கு ஆகலன்னா உனக்கும் ஆகாதா? அவரு நல்ல டாக்டர்க்கா. இன்னிக்கு வரைக்கும் என் பேரை ஞாபகம் வெச்சிருக்காரு."

இதைக் கொலெட் பெருமையாகவே சொன்னாள்.

"அப்ப வியாழக்கிழமையைப் போட்டுடட்டுமா, யிவெட்?" என்றாள் முன்மேசைப் பெண், அதே சிரிப்போடு.

"வேண்டாம்."

மருத்துவமனையின் பெயர் பொறித்த பேனாவை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 3 அன்று பள்ளிகள் திறந்தன. ஏழு இருபதுக்கு அவளுடைய வண்டி அவள் வீட்டைக் கடந்துபோனது. சமையலறைச் சன்னலருகே நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஓட்டியவன் முனையில் திரும்பும்போது சைகை விளக்குப் போடவில்லை.

பன்னிரண்டாம் தேதி எம்.ஆர்.ஐ. கடிதம் வந்தது. நாள்: பிப்ரவரி 11. பரிசோதனை: முதுகு மட்டும்.