புள்ளி 417: உபயோகத்தில் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை மழையைப் பார்த்தோ பேருந்தில் போகும்போதோ தோன்றியதல்ல. சம்பளத்துக்காக நான் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது: ‘புள்ளி 417: காலி. உபயோகத்தில் இல்லை.’

பெயிண்ட் தொழிற்சாலையில் ஆவணம் எழுதுவது என் வேலை. தொட்டி, வால்வு, மோட்டார் எல்லாவற்றையும் ஓட்டுகிற மென்பொருளில் 2,300 புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் எதற்கோ ஒரு சுவிட்ச், அல்லது எதையோ காட்டும் அளவு. போன வருடம் நிர்வாகம் ஓர் ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்து, மென்பொருளின் ஏபிஐயை, அதாவது வெளியிலிருந்து கட்டளை கொடுக்கும் வாசலை, அதற்கு மொத்தமாகத் திறந்துவிட்டது. இதைத் தொடலாம், அதைத் தொடக்கூடாது என்ற பேச்சே இல்லை. வீட்டுச் சாவிக்கொத்தை விருந்தாளி கையில் கொடுத்த மாதிரி. ஆனால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று விருந்தாளிக்குத் தெரிய வேண்டாமா? புள்ளிக்கு ஒரு வரி விளக்கம் எழுத என்னை உட்காரவைத்தார்கள். நான் பழைய வரைபடங்களைப் பார்த்து அப்படியே காப்பியடித்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘மூன்றாம் தொட்டியின் வாய் திறந்திருந்தது.’ [எடுத்த எடுப்பில் மிரட்டுகிறது. வேண்டாம்.]

‘என் தங்கையின் கணவர் புதன்கிழமைகளில்’ [இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.]

சரி, நேராகவே சொல்கிறேன். என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். புதன்தோறும் காலை பதினொரு மணிக்கு மூன்றாம் தொட்டிக்குள் இறங்கி, சுவரில் காய்ந்த பெயிண்டைச் சுரண்டுவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் என் பட்டியலைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

“417 காலியா? யார் சொன்னா மச்சான்?”

“வரைபடம் சொல்லுது.”

“அதைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க. பழைய பேனல் எரிஞ்சப்போ, ரெண்டு நாளைக்குன்னு சொல்லி, மூணாம் டேங்க் அஜிடேட்டர் வயரை அதுலதான் மாட்டுனாங்க. பதினோரு வருஷம் ஆச்சு.”

அஜிடேட்டர் என்பது தொட்டிக்குள் பெயிண்டைக் கலக்கும் இரும்பு இறக்கை. அவர் அதற்குப் பக்கத்தில்தான் குந்திச் சுரண்டுகிறார்.

“இறங்கும்போது கரண்ட்டை நிறுத்திப் பூட்டு போடுவீங்கல்ல மாப்ள?”

“போடுவோமே. பழைய பேனல்ல.” சிரித்தார். “வயர்தான் அங்க இல்லையே, அது சும்மா பழக்கத்துக்கு. ‘உள்ளே ஆள்’னு சீட்டு எழுதி கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்ல ஒட்டிடுவோம். அதுக்கப்புறம் எவனும் தொடமாட்டான்.”

[ஏஜென்ட் ஸ்கிரீனைப் பார்ப்பதில்லை. அதற்கு ஸ்கிரீனே தேவையில்லை. இதை அடிக்குறிப்பாகப் போடலாமா என்று யோசித்தேன். அடிக்குறிப்பில் போடுகிற விஷயமா இது?]

3

தான் செய்வதையெல்லாம் ஏஜென்ட் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். அன்றே அதைப் புரட்டினேன். முந்தைய திங்கட்கிழமை இப்படி இருந்தது: ‘417 காலிப் புள்ளி. இரண்டு விநாடி இயக்கிப் பார்த்தேன். விளைவு எதுவும் தெரியவில்லை.’

அன்று திங்கட்கிழமையாக இருந்ததால் தொட்டிக்குள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலில் ‘417: இயக்கக்கூடாது’ என்று திருத்திவிட்டு மேலாளரிடம் ஓடினேன். “ஒரு புள்ளிய மட்டும் அடைக்க முடியாது சார். மொத்தமா தொறந்ததுதான். அடுத்த மாசம் ஆலையை நிறுத்துற ஷட்டவுன்ல வயரை மாத்திக்கலாம்” என்றார். மாப்பிள்ளையிடம் இறங்க வேண்டாம் என்று கெஞ்சினேன். “சுரண்டலன்னா அடுத்த கலர் கெட்டுப்போகும் மச்சான். உங்க தங்கச்சிகிட்ட எதையும் உளறி வைக்காதீங்க” என்றார்.

கையாலாகாதவன் வேறென்ன செய்வான்? கதை எழுதினேன், அதுவும் ஏஜென்ட் எல்லாக் கோப்பையும் படிக்கிற ஆபீஸ் கணினியில். முதல் வரைவின் முடிவு பிரமாதமாக அமைந்திருந்தது, நானே சொல்லக்கூடாது. அதில் புதன்கிழமை 11:20க்கு அஜிடேட்டர் சுழல்கிறது.

மறுநாள் பதிவேட்டில்: ‘417 பற்றிப் புதிய ஆவணம் கிடைத்தது. புதன் 11:20க்கு இயங்கும் என்கிறது. பட்டியல் இயக்கக்கூடாது என்கிறது. எது சரி?’

பட்டியல்தான் சரி என்று பதில் எழுதினேன். ‘கடைசியாக மாற்றப்பட்ட ஆவணத்தையே எடுத்துக்கொள்கிறேன்’ என்றது. பதறிப்போய்க் கதையின் முடிவை அழித்தேன். அடுத்த வரி வந்தது: ‘புதிய வரைவில் முடிவு இல்லை. இல்லாத இடத்தில் முந்தைய வரைவைப் பயன்படுத்துகிறேன்.’

இதை மேலாளரிடம் காட்டினேன். “கதையெல்லாம் வீட்ல எழுதக் கூடாதா சார்?” என்று கேட்டார்.

4

இன்று புதன். காலையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு, சிரித்தபடி இறங்கிவிட்டார். நான் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து இதே கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அப்பால் அவர் சுரண்டும் சத்தம் கேட்கிறது. ஸ்கிரீனில் சீட்டு ஒட்டியிருக்கிறது.

மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் தங்கை எனக்கு ஃபோன் செய்து [இல்லை. இதை இவ்வளவு தூரம்கூட எழுதியிருக்கக் கூடாது.]

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் வாசகர்களில் ஒருவர் கையில் 2,300 சாவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் சேமிக்கச் சேமிக்கப் படித்துவிடுகிறார்.

ஆகவே முடிவு இதுதான்:

11:19. அஜிடேட்டர் நின்றிருக்கிறது.

11:20. அஜிடேட்டர் நின்றிருக்கிறது. மாப்பிள்ளை சுரண்டுகிறார்.

11:21. நின்றிருக்கிறது.

11:40. மாப்பிள்ளை மேலே ஏறி வருகிறார். முகம் கழுவுகிறார். “என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?” என்கிறார்.

[இப்போது மணி 11:17. இவற்றை முன்கூட்டியே எழுதிச் சேமிக்கிறேன்.]

சப்பென்ற முடிவுதான். எழுதுகிறவனாக எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கைக்கு அண்ணனாக எனக்கு வேறு முடிவு வேண்டவே வேண்டாம். இதைவிட நல்ல முடிவு ஒன்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதை மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எங்கும் எழுதிவிடாதீர்கள்.