தலைதீபாவளிக்கு ஓட்டல் சாப்பாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை விளம்பரமாகத்தான் பிறந்தது. தருமபுரியில் ஓட்டல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "தீபாவளிக்குக் குடும்பத்தோட வந்து சாப்பிடற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார். எழுதினேன்: 'இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டு அடுப்புக்கு விடுமுறை!' ஆச்சரியக்குறியைப் போட்டுக் கையெடுப்பதற்குள் காசியம்மாள் எதிரே வந்து நின்றுவிட்டாள். 1938-ல் அடுப்புக்கு விடுமுறை விடப்பட்ட பெண் அவள். நண்பருக்கு மீதி வரிகள் இன்னும் போய்ச் சேரவில்லை.

(அவள் கற்பனைதான். ஆனால் கற்பனை ஆட்கள் கோபித்துக்கொண்டு வந்தால் லேசில் போவதில்லை.)

2

முதல் தொடக்கம்: 'பெங்களூரிலிருந்து வந்த ரயில் தருமபுரியில் நின்றபோது காசியம்மாளின் மகள் ராஜாமணி தன் கணவனோடு' — அடித்துவிட்டேன். அந்தப் பாதை அன்றைக்கு ஏது? மொரப்பூரிலிருந்து வரும் சின்ன ரயில்தான் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: 'காசியம்மாளின் புருஷன் சென்னப்பன் பேராசை பிடித்தவன்.' இதையும் அடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் மேட்டு நிலத்தை விற்று மிலிட்டரி ஓட்டல் போட்டவன், அதாவது ஆட்டுக்கறிச் சாப்பாடு. கோர்ட்டுக்கு வந்தவர்களும் வண்டிக்காரர்களும் சாப்பிட்டார்கள். குடும்பம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வீட்டில் சோறு போட ஆளில்லாதவன்தான் ஓட்டலுக்குப் போவான் என்று ஊர் நினைத்தது. சென்னப்பனுக்கு அது உறுத்தியது. பெண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால்தான் தன் கடைக்கு மரியாதை என்று நம்பினான். நம்பிக்கையைப் பேராசை என்று எழுதினால் நான்தான் அயோக்கியன்.

3

ராஜாமணிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை மாதையன், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நல்ல விவசாயக் குடும்பம். ஐப்பசியில் தலைதீபாவளி.*

தீபாவளிக்கு முந்தின சந்தையில் காசியம்மாள் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்கும்போது தமுக்குச் சத்தம் கேட்டது.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது என்னான்னா! சென்னப்பன் ஓட்டல்ல அவரு மருமவனுக்குத் தலைதீபாவளி விருந்து! நீங்களும் உங்க மருமவனக் கூட்டிக்கிட்டு வாங்கோ!"

வெற்றிலையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவும் தவலையும் இருந்த இடத்தில் இல்லை. ஓட்டலுக்குப் போய்விட்டிருந்தன.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? மொதத் தீபாவளிக்கு மருமவன ஓட்டல்ல உக்கார வெப்பாங்களா?"

"நம்ம ஓட்டல்தான காசி? சம்பந்தியே குடும்பத்தோட உக்காந்து சாப்பிட்டாருன்னா, அப்பறம் எவன் வரமாட்டேம்பான்?"

"எம் மவ அங்க வாழணுங்க."

"வாழாம? நீ சும்மா இரு."

* தெரியாதவர்களுக்கு: கல்யாணமான முதல் தீபாவளியில் பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்து, மாமியார் கையால் சோறு போடுவார்கள். அந்தச் சோற்றை வைத்துத்தான் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை. அநியாயம்தான். அதற்கு இந்த அடிக்குறிப்பு போதாது.

4

தீபாவளியன்று சம்பந்தி, சம்பந்தியம்மா, மாதையன், ராஜாமணி நால்வரையும், கூடவே காசியம்மாளையும், தெருவைப் பார்த்த மேசையில் சென்னப்பன் உட்காரவைத்தான். தெருவில் கூட்டம் கூடியது. அவர்களில் ஒருவரும் உள்ளே வரவில்லை, வேடிக்கைதான் பார்த்தார்கள்.

காசியம்மாள் எழுந்துபோய்ப் பரிமாறுகிறவரிடம் கரண்டியை வாங்கினாள்.

"உக்காரு," என்றான் சென்னப்பன். "நம்ம வூட்டுப் பொம்பள ஓட்டல்ல பரிமாறினா ஊரு என்னா பேசும்?"

உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் இலையில் குழம்பு ஊற்றிய கரண்டியே மாதையன் இலைக்கும் வந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏன் அண்ணி, வூட்டுல அடுப்பு இல்லீங்களா?"

வண்டிக்காரர் கை கழுவிவிட்டு, கல்லாவில் காசு வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த சம்பந்தி எழுந்தார். அவரும் கை கழுவினார். மடியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சம்பந்தி, என்னாங்க இது? உங்ககிட்ட வாங்குவனுங்களா?"

"ஓட்டல்ல சாப்பிட்டா காசு குடுக்கறதுதான மொறை? எம் பையன் ஓசிச் சோத்துக்கு வரலீங்க."

(இவரைக் கெட்டவராக்க எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.)

மாதையன் பெண்டாட்டியை ஒருமுறை பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து — இல்லை, ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது. அப்பன் பின்னால் போய்விட்டான். ராஜாமணியும் எழுந்தாள்.

"நீ இரும்மா," என்றாள் மாமியார். "உங்கப்பன் வூட்டுல ஒல வெச்சு, நேர்ல வந்து கூப்பிடட்டும். அப்பறம் பாக்கலாம்."

5

இதற்கப்பால் எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

மறுநாள் சென்னப்பன் ஓட்டலில் கூட்டம் தாங்கவில்லை. சம்பந்தி ரூபாய் வைத்த மேசையைப் பார்க்க வந்தவர்கள், வந்ததற்குச் சாப்பிட்டார்கள். ருசி பிடித்துப்போய்க் குடும்பத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். அந்த மேசைதான் வேண்டுமென்று காத்திருந்து உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா காசி!" என்றான் சென்னப்பன். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்தங்க. பாப்பிரெட்டிப்பட்டிக்கு எப்பப் போறீங்க?"

"இந்தக் கூட்டத்த வுட்டுட்டா? தை பொறக்கட்டும்."

தை பிறந்தது. பொங்கலுக்கு இன்னும் கூட்டம். அண்டா வீடு திரும்பவில்லை. காசியம்மாள் சின்னச் சட்டியில் உலை வைத்துத் தானே ஆள் அனுப்பினாள். ஆம்பளை வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு என்று பதில் வந்தது. ஓட்டலில் மசாலா அரைக்க ஆள் போதவில்லை என்று ராஜாமணியை அங்கே கூப்பிட்டுக்கொண்டான் சென்னப்பன். சாப்பிட வந்தவர்கள் அவளைக் கண்ணால் காட்டி, "அந்தப் பொண்ணு இதுதான்" என்று பேசிக்கொண்டார்கள். விளம்பரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

6

முடிவு ஒன்று: மாதையன் அப்பன் பேச்சை மீறி அவளைக் கூட்டிப்போக வருகிறான். (எழுதிப் பார்த்தேன். வந்தவனைச் சென்னப்பன் அந்த மேசையிலேயே உட்காரவைத்துவிட்டான்.)

முடிவு இரண்டு: காசியம்மாள் ஓட்டல் அடுப்பில் தண்ணீரை ஊற்றி — வேண்டாம். படிப்பவர்கள் கைதட்டுவார்கள், ராஜாமணி அம்மிக்கு முன்னால் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள்.

முடிவு மூன்று: மாதையனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

ஆகையால் உங்களிடம் விடுகிறேன். ராஜாமணி மிளகாய் அரைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்கிறாள்: "அம்மா, அவுங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்களா?"

காசியம்மாள் சொன்னாள்: "                    "

அங்கே என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். பொய்தான் சொல்வீர்களென்றால், அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.