அடக்கிய இருமல்

"நீதி கிடைக்கும்வரை என் தந்தையின் உடல் இந்த வாசலைத் தாண்டாது!" என்று ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று இளவரசு முழங்கினான். உடல் அதற்கு முன்பே தாண்டியிருந்தது. வெயில் ஏறுகிறதென்று ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை எதிர்ச்சாரியில் புங்கமர நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

"தலைவரே, பாடி அந்தப் பக்கம் இருக்கு" என்றான் சேரன், காதோடு.

"அந்தப் பக்கம்னா என்னா, ரோட்டுலதான இருக்கு? நீ கோஷத்தப் போடு."

சேரன் வீராணம் மக்கள் எழுச்சிப் பேரவையின் பொதுச்செயலாளர். இளவரசு அதன் நிறுவனத் தலைவர். பேரவையில் எல்லாப் பதவிக்கும் ஆள் இருந்தது. உறுப்பினர் இடம்தான் காலியாகக் கிடந்தது. நிர்வாகிகள் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு பஸ்கள் நின்றன. ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன.

"கைது செய், கைது செய்! மயக்க டாக்டரைக் கைது செய்!"

ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரைப் பற்றிக் கோஷம் இல்லை. அவர் சென்னையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர். பெரிய இடத்துச் சிபாரிசில் இளவரசு பிடித்த டாக்டர். அவரைத் திட்டினால் சிபாரிசு செய்தவர் மனம் புண்படும். மிச்சம் இருந்தவர் மயக்க மருந்து கொடுத்த டாக்டர் நஜியா. வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர், யாருடைய சிபாரிசும் இல்லாதவர்.

இளவரசுவின் அக்கா இசைவாணி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் வேட்டியும் பிளாஸ்கும் வைத்த கட்டைப்பை. பக்கத்தில் அப்பா ஊன்றி நடப்பதற்காக வாங்கிய வாக்கர், பாலிதீன் உறை பிரிக்காமல் நின்றது. அவள் கணவன் ஸ்ரீதர் அதன்மேல் கையை ஊன்றியிருந்தான்.

இளவரசு வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அக்கா, எஸ்.ஐ. வந்துக்கிட்டு இருக்காரு. அப்பா கூடவே இருந்தது நீதான், நீ சொன்னாத்தான் எடுபடும். டாக்டரு எங்கள ஒரு வார்த்த கேக்கல, நேரா வந்து ஊசியப் போட்டுட்டாங்க. அவ்ளோதான் சொல்லணும்."

"கேட்டாங்களேடா."

"எப்ப கேட்டாங்க?"

"நீதான பதில் சொன்ன?"

இளவரசு மாமாவின் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நாளைக்கி ஊர்ல நாம தல நிமிந்து நடக்க வேணாமா?"

ஸ்ரீதர் மச்சானை எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் மச்சான் பதில் சொல்வான், பதில் நீளமாக இருக்கும். "ஒரு வார்த்ததான வாணி? சொல்லிட்டுக் கெளம்புவோம். நெல்லிக்குப்பத்துல வீட்டு வாசல்ல பந்தல் போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

"அந்தப் பொண்ண உள்ள வெச்சிடுவாங்களே."

"பெரிய ஆஸ்பத்திரி, அவுங்க பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு இளவரசு வாசலுக்குப் போனான்.

அப்பா கண்ணாயிரம் சர்க்கரை ஆலையில் கரும்பு டிராக்டர்களை எடை மேடையில் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் பின்னால் நிற்கிற மனிதர். இளவரசுவின் பிறந்தநாள் விழாவில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி, மகனுக்குப் பொன்னாடை போர்த்த வைத்தார்கள். போட்டோவில் தந்தை உயரமாகத் தெரிய வேண்டுமாம். நாற்காலியின் கால் மடங்கியது. இடுப்பு எலும்பு உடைந்தது. பொன்னாடை மட்டும் ஒழுங்காக விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பேரவை முழுக்க நலம் விசாரிக்க வந்தது. ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ், ஆளுக்கு ஒரு செல்பி. படம் தெளிவாக விழுவதற்காக எல்லோரும் அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் குனிந்தார்கள். இளவரசுவுக்கு அப்போது சளி. கேட்டவர்களிடம், "சளியில்ல, மேடைல பேசிப் பேசித் தொண்ட கட்டிக்கிச்சு" என்றான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மதியம் அப்பாவின் உடம்பு சுட்டது. இருமினார்.

"வெளில சொல்லாத" என்றான் இளவரசு. "காய்ச்சல்னா தள்ளிப் போட்ருவாங்க. இந்த டாக்டர விட்டா அடுத்த வாரந்தான். அதுவரைக்கும் படுத்தே கெடந்தா முதுகெல்லாம் புண்ணாயிடும். அதுவுமில்லாம ஸ்டேட்டஸ்ல வேற போட்டாச்சு, நாளைக்கி ஆபரேஷன்னு. முந்நூறு பேரு பாத்துட்டான்."

முதுகுப் புண் என்றதுதான் இசைவாணியின் மனசில் நின்றது. அவளுடைய மாமியார் அப்படிக் கிடந்துதான் போனார். அவள் காய்ச்சல் மாத்திரையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இது என்னாம்மா?"

"சத்து மாத்தரப்பா."

அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் நஜியா வந்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "ஐயா, சளி, இருமல், காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

"இரும்பு மனுஷன் டாக்டர்! ஆலைல முப்பது வருஷம் லீவே போட்டதில்ல" என்றான் இளவரசு.

"ஐயா சொல்லட்டும்." டாக்டர் இன்னொரு முறை கேட்டார்.

அப்பா சிரித்தபடி தலையை இடவலமாக ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. வலி என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். "நாளைக்கு சரியாயிடும்" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கதவு சாத்திய பிறகு அப்பா இருமினார். கட்டில் ஆடும் அளவுக்கு நீளமாக இருமினார். மூச்சு திரும்பியதும், "போய்ட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது. "அழகா உக்காந்திருக்கு" என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார் சென்னை டாக்டர். எக்ஸ்ரேயும் ஸ்டேட்டசுக்குப் போனது. எலும்பு அழகாகவே இருந்தது. மூச்சுதான் நாளுக்கு நாள் மேலே மேலே வாங்கியது. பரிசோதனை செய்துவிட்டுக் கொரோனா என்றார்கள்.

"கொரோனாவா? அதெல்லாம் முடிஞ்சுபோன கத டாக்டர்" என்று சிரித்தான் இளவரசு. "நாங்கதான் தெருத்தெருவா கபசுரக் குடிநீர் குடுத்து முடிச்சு வெச்சோம்." வெளியே யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை.

இன்று காலை, இசைவாணி இட்லி வாங்கப் போயிருந்தபோது, அப்பா போய்விட்டார்.

எஸ்.ஐ. ஜீப்பை விட்டு இறங்கும்போதே, "யாருப்பா புகாரு? பஸ்ஸெல்லாம் புவனகிரி ரோடு வரைக்கும் நிக்குது" என்றார்.

இளவரசு ஓடி வந்து அக்காவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். "எங்க அக்கா சார். எல்லாத்தையும் நேர்ல பாத்தவங்க."

"சொல்லுங்கம்மா. டாக்டர் உங்கள ஒண்ணுமே கேக்கலயா?"

மாடிப்படியின் கடைசிப் படியில், இரண்டு நர்சுகளுக்கு நடுவே டாக்டர் நஜியா நின்றிருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. ஸ்ரீதர் தொண்டையைச் செருமினான்.

"கேட்டாங்க" என்றாள் இசைவாணி.

"என்னா கேட்டாங்க?"

"காய்ச்சல் இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. இருந்துச்சு. நான்தான் மாத்திர குடுத்து எறக்கி வெச்சேன். இவன் இல்லன்னு சொன்னான். நான் பக்கத்துல நின்னுக்கிட்டு சும்மா இருந்தேன்."

கோஷம் நின்றது. பின்வரிசையில் காதில் விழாத ஒருவர் மட்டும், "கைது செய், கைது செய்!" என்று தொடர்ந்தார்.

"அதிர்ச்சில பேசுது சார். அப்பான்னா உசுரு அதுக்கு."

"அதிர்ச்சி இல்லடா. காய்ச்சல்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "புகாரு இருந்தா ஸ்டேஷனுக்கு வாங்க. இல்லன்னா பஸ்ஸ விடுங்க."

இசைவாணி படியருகே போனாள். டாக்டர் ஒரு படி பின்னால் ஏறினார். பிறகு நின்றார்.

"டாக்டர், அன்னிக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. இந்த வயசுல இடுப்பு எலும்பு ஒடஞ்சு படுத்தே கெடந்தாலும் ஆபத்துதான். தள்ளிப் போட்டிருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்போம்." பிறகு, "இருமலும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நீங்க போறவரைக்கும் அடக்கிக்கிட்டாரு."

டாக்டர் கம்பியிலிருந்து கையை எடுத்துக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். "என்னப் பாத்து சிரிச்சாரு" என்றார். "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்." திரும்பி மாடிக்குப் போய்விட்டார்.

இசைவாணி வெளியே வந்தபோது பேரவையின் பொருளாளர் வழிமறித்தார். "ஏம்மா, அது என்னா காய்ச்சலு?"

"கொரோனா."

எஸ்.ஐ. லத்தியைத் தூக்கவே இல்லை. சாலை தானாகக் காலியானது. ஒரு துண்டு மட்டும் அங்கேயே கிடந்தது. அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்தவர்கள் எதிர்க் கடை வாசலில் நின்று தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"தலைவரே, நாங்க பின்னாடியே வேன்ல வந்துர்றோம்" என்று தூரத்திலிருந்தே கத்தினான் சேரன். வேன் எதுவும் இல்லை.

ஸ்ரீதருக்கு ஆஸ்பத்திரியில் நிறுத்திய பைக் ஞாபகம் வந்தது. "அத இங்க விட்டுட்டு வர முடியாதே, வாணி" என்றான்.

இளவரசு அக்காவைத் தாண்டிப் போனான். ஆம்புலன்சின் முன் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த சின்னக் கண்ணாடியை யாரோ இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பின்னால் அப்பாவோடு இசைவாணி மட்டும் ஏறினாள்.

நின்றிருந்த பஸ்களைத் தாண்டி வண்டி கடலூர் சாலையில் வேகம் பிடித்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பாவின் தலை லேசாக அவள் பக்கம் சாய்ந்தது. அவள் இடது கையால் அதை நேராக்கி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் நேராக்கினாள்.

புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான், வலது கையால் முந்தானையை மூக்கில் அழுத்திப் பிடித்திருப்பதை அவள் கவனித்தாள். வண்டியில் ஏறியதிலிருந்தே அப்படித்தான் பிடித்திருந்தாள்.