கணக்கில் ஏறிய எலக்ட்ரான்கள்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அயனிகளை வேகமாக ஏவும் முடுக்கிக் கூடத்தைப் பூட்டப் போன ஆபரேட்டர், கடைசியாக அந்தச் சின்னப் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினார். அது ஏற்கெனவே அணைந்துதான் கிடந்தது.

பெட்டி சின்னதுதான், வேலை பெரியது. அயனிக் கற்றை சோதனைத் தகட்டில் மோதும்போது தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவற்றைத் தடுத்துத் திருப்புகிற வளையத்துக்கு இந்தப் பெட்டிதான் மின்சாரம் தரும். தராவிட்டால், தப்பி ஓடும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் புதிதாக வந்த அயனி என்று கருவி கணக்கில் ஏற்றிவிடும். நூறு விழுந்த இடத்தில் முந்நூறு காட்டும்.

திங்கட்கிழமை காலை துடைக்கும்போது அணைத்தவர் அவரேதான். திரும்பப் போட்டதாகப் பதிவேட்டில் டிக் இருந்தது. இருக்காதா பின்னே! டீ குடித்துக்கொண்டே பதினாறு கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் அடித்துப் பன்னிரண்டு வருடம் பழகிய கை அது.

எட்டு மாதம் காத்திருந்து மூன்று நாள் கற்றை நேரம் வாங்கியவள் ஆராய்ச்சி மாணவி. அணு உலைக் குழாய்களுக்கு அவள் செய்த பூச்சைத் தகடுகளில் பூசிச் சோதிக்க வந்திருந்தாள்.

"இவ்வளவு அடி வாங்கியும் ஒரு கொப்புளம் இல்லண்ணா!" என்று காலையில் பிஸ்கட் பாக்கெட்டை அவர் கையில் திணித்திருந்தாள். வாங்கியதே மூன்றில் ஒரு பங்கு அடி, கொப்புளம் எங்கிருந்து வரும்?

வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. திறந்தால் வேலை போகும். போன மாதம் ஒரு வால்வை மூட மறந்து பம்பைக் கெடுத்தபோதே நிலையத் தலைவர் எச்சரித்திருந்தார். தலைவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்.

"இன்னொரு தப்பு நடந்தா தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன், மச்சான்."

மூத்த மகள் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர வேண்டும். ஆபரேட்டர் முகத்தைக் கழுவினார், தாழ்வாரத்தில் இரண்டு தரம் நடந்தார், மறுபடியும் கழுவினார். அந்தப் பூச்சை நம்பி எங்கோ ஒரு குழாய் செய்வார்கள், அது என்றைக்காவது வெடிக்கும், பக்கத்தில் தன்னைப் போல ஒருவன் நிற்பான். அதற்கு மேல் யோசித்தால் மனது மாறிவிடும் என்று பயந்து, தலைவர் அறைக்குள் நுழைந்து கொட்டித் தீர்த்துவிட்டார்.

தலைவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றார். மச்சான் என்ற சொல் வரவில்லை.

மாணவி பக்கத்து அறையில் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மின்சாரப் பெட்டி அணைந்திருந்ததை அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் அதிரவில்லை. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்ண்ணா. செவ்வாக்கிழமையே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

"முதல் தகடு அவ்வளவு நல்லா வந்திருச்சு. முழுசா அடிச்சா கொப்புளம் வந்துருமோன்னு பயம். எப்ப முடிப்ப, எப்ப முடிப்பன்னு வீட்டுல பிச்சுப் பிடுங்குறாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க டிக் போட்டிருக்கீங்க, கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்படியே விட்டுருவோம். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?"

இரண்டு அறைக்கும் நடுவே பத்தடி தூரம்தான். ஆபரேட்டர் முதலில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேலை போவதைவிட அதுதான் அவரை நடுங்க வைத்தது.

"சரின்னு சொல்லுங்கண்ணா," என்றாள்.

அவர் முதுகுக்குப் பின்னால், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் வாசலில் வந்து நின்றார்.